மூன்றாம் எண் கூண்டுகள்

அக்டோபர் 5, ஞாயிறு

மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இரண்டு மணி நேரம் நடந்த விவாதம், இன்று மாலை 4.50 மணிக்கு மூன்றுக்குச் சாதகமாக முடிந்தது. இனி இந்தக் கேள்வியை யாரும் எழுப்புவதில்லை என்று மூவரும் கைகுலுக்கி உறுதி செய்தோம். பின்னாளில் எங்கள் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்காக நேரத்தைக் குறித்து வைக்கிறேன்.

ஆறு ஆண்டுகளாகப் பெயரில்லாமல் இயங்கிவந்த எங்கள் ராக் இசைக்குழுவுக்குப் பெயர் வைக்கும் கூட்டம் இது. இடம், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் எங்களில் ஒருவனான மாகாளியின் மாமாவுக்குச் சொந்தமான உப்புக் கிட்டங்கி. பயிற்சியும் அங்கேதான். உப்பு மூட்டைகள் சத்தத்தை வெளியே விடாது. கிட்டார் கம்பிகளையும் நீண்ட நாள் விட்டுவைக்காது.

கூட்டத்துக்கு ஆல்வின் வந்திருந்தான். கிட்டாரும் குரலும் அவன்தான், எல்லாப் பாடல்களையும் எழுதுபவனும் அவன்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறான். உச்சிமாகாளி வந்திருந்தான். டிரம்ஸ். உப்பளத்தில் மேற்பார்வையாளன். மூன்றாவது ஆள் கிளீட்டஸ் ஆகிய நான். பேஸ் கிட்டார் மற்றும் செயலாளர். பிழைப்புக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர்.

புயல் காலத்தில் துறைமுகக் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண் உண்டு. பெயரில் 'கூண்டு' இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. எந்தக் கூண்டு என்பதில்தான் எழுந்தது.

"பத்துன்னு வைப்பம்ணே. பத்துதான் பெரும் புயலு," என்றான் மாகாளி.

"பத்துன்னு பேர வச்சா சனம் பத்த எதிர்பாக்கும்லா?" என்றான் ஆல்வின். "நம்மகிட்ட என்ன இருக்கோ அதச் சொல்லுவோம்."

"அப்ப ஒண்ணு?"

"ஒண்ணுக்கு எவம்ல பயப்படுதான்? வலையத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பான்."

இப்படியாக மூன்றும் நான்கும் மிஞ்சின. 'மூன்றாம் எண் கூண்டு' என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைப்பது உலகில் வேறு எவருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பில்லை என்று ஆல்வின் கூறினான். கூட்டக் குறிப்பில் அப்படியே பதிவு செய்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெயர் பொறித்த கறுப்பு டி-சர்ட்டுகள் வந்தன. ஆளுக்கு இரண்டு. என் மனைவி ஜெசிந்தா ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எதையும் திருத்தும் நோக்கில்தான் பார்ப்பாள். டி-சர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்ல," என்றாள். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பயிற்சி. ஆல்வினின் 'நீரோட்டம், ஐந்து பாகங்கள்' என்ற பாடலை முழுமையாக வாசித்தோம். பதினான்கு நிமிடம். தாளம் ஏழடிக் கணக்கு. நான் பதினொன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டேன். மற்ற இருவரும் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்ததால் காத்திருந்தேன். இடையில் தண்ணீர் குடித்தேன்.

"ஏல கிளீட்டஸ், பஸ்ஸு கிஸ்ஸு பிடிக்கணுமா?" என்று கேட்டான் ஆல்வின்.

"இல்லையே."

"பெறகு எதுக்குல இந்த ஓட்டம்? நாங்களும் ஆறு வருசமா ஒன்னத் தொரத்திக்கிட்டே வாரோம். கப்பலா வந்து நிக்கி?"

எங்கள் அலுவலகத்தில் கப்பல் வரும் முன்னரே காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும். பதினேழு ஆண்டுகளில் நான் முன்கூட்டி முடித்ததாக ஒரு புகாரும் வந்ததில்லை. இதை ஆல்வினிடம் விளக்கினேன். அவன் மடிக்கணினி ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

காரைக்கால் அலைவிழாவுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். டிசம்பர் 7, கடற்கரை மேடை. ஒவ்வொருவரின் மேடை அனுபவத்தையும் படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஆல்வினுக்குக் கல்லூரி விழாக்கள் பல. மாகாளிக்குக் கோயில் கொடை விழாக்கள். எனக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன்.

எனக்கு வயது முப்பத்தொன்பது. மேடையில் ஒரு முறைகூட வாசித்ததில்லை. டிசம்பர் 19இல் நாற்பது ஆகிறது. அலைவிழா அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு வருகிறது. படிவத்தில் வயதையும் கேட்டிருந்ததால்தான் கணக்குப் பார்த்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

விழாக் குழுவிடமிருந்து கடிதம். "தங்கள் குழுவின் விண்ணப்பம் தவறுதலாக இரு முறை வந்துள்ளது. ஒன்றை நீக்கிவிட்டோம். தங்களுக்கு மாலை 5.20 முதல் 5.45 வரை ஒதுக்கப்பட்டுள்ளது."

நான் எதையும் இரு முறை அனுப்புபவன் அல்லன். விழாச் செயலர் மரியழகனுக்குத் தொலைபேசினேன்.

"ஒண்ணு தூத்துக்குடின்னு இருந்துச்சுங்க. ஒண்ணு நாகப்பட்டினம்னு இருந்துச்சு," என்றார்.

"அப்படியானால் இரண்டும் வேறு வேறு குழுக்கள் அல்லவா?"

"வீடு மாத்திட்டீங்கன்னு நெனச்சேங்க."

அக்டோபர் 26, ஞாயிறு

நாகப்பட்டினத்து மூன்றாம் எண் கூண்டைக் கைபேசியில் பார்த்தோம். பங்க் குழு, அதாவது வேக ராக். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மூன்று பெண்கள், மொட்டைமாடி, பின்னால் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. பாடலின் பெயர் 'சார் சாப்பிடப் போயிருக்காரு'. நாற்பத்தெட்டு நொடி. ஓர் அலுவலக சன்னலில் நிற்கும் பெண், சார் எப்போது வருவார் என்று பத்தொன்பது முறை கேட்கிறாள். சார் வரவில்லை. பாடல் முடிந்துவிடுகிறது.

"இது பாட்டால? தும்மலு," என்றான் ஆல்வின்.

"டிரம்ஸ் நல்லாத்தாம்ணே இருக்கு," என்றான் மாகாளி.

"நீ சும்ம கெட."

முழுமையாகப் புரிந்துகொள்ளும் பொருட்டு மறுபடி போடச் சொன்னேன். நான்கு முறை போட்டார்கள். அவர்கள் இந்தப் பெயரைப் பதினான்கு மாதங்களுக்கு முன்பே வைத்துவிட்டார்கள் என்பதும் தெரியவந்தது. ஆக, குழுவில் நாங்கள் மூத்தவர்கள், பெயரில் அவர்கள் மூத்தவர்கள். இது சிக்கலான நிலை. கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது.

அக்டோபர் 27, திங்கள்

பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். 'மேற்குறித்த பொருள் தொடர்பாக' என்று தொடங்கி இரண்டு பக்கம். பெயரை மாற்றிக்கொள்ளும்படி கேட்டிருந்தேன். வெறுங்கையோடு கேட்கவில்லை, மாற்று வழியும் தந்திருந்தேன். பதினொன்றாம் எண் கூண்டு, வானிலை மையத்துடனான தொடர்பு முற்றிலும் துண்டிக்கப்பட்டதைக் குறிப்பது. தங்கள் பாடல்களின் பொருளுக்கு அது நெருக்கமானது என்று சுட்டிக்காட்டினேன்.

அக்டோபர் 30, வியாழன்

அலுவலக உணவு இடைவேளையில் நாகையிலிருந்து அழைப்பு.

"சார், ரமீசா பேசுறேன். பாடுறது நான்தான். லெட்டர் வந்துச்சு சார். பதிவுத் தபால்னதும் எங்க உம்மா கோர்ட் நோட்டீசுன்னு பயந்துட்டாங்க."

"மன்னிக்க வேண்டும்."

"பரவால்ல சார். அதப் பாட்டா போட்டுட்டோம்."

"எதை?"

"உங்க லெட்டரத்தான். 'மேற்குறித்த பொருள் தொடர்பாக'ன்னு ஆரம்பம். ஒரு நிமிஷம் அஞ்சு செகண்டு வருது. எங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய பாட்டு இப்ப அதான்."

இதற்கு அலுவலக நடைமுறையில் முன்மாதிரி இல்லாததால் பாடலின் நீளத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

"பேர மட்டும் மாத்த முடியாது சார். நாகப்பட்டினத்துல பொறந்துட்டு வேற என்னா பேர் வைக்கிறது? நீங்க வேணா நாலு எடுத்துக்குங்க."

"நான்கு, இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் நிராகரிக்கப்பட்டது."

"அப்புடியா? எங்களுக்கு ரெண்டு நிமிஷந்தான் சார் ஆச்சு."

வானிலை அறிக்கை வந்தால் மூன்றாம் எண் கூண்டு நாகையில் மட்டுமா ஏறுகிறது? கடலூர், பாம்பன், எண்ணூர் என எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே நேரத்தில் ஏறுகிறது. இந்தக் கோணத்தில் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கடலூரில் ஒரு மூன்றாம் எண் கூண்டு இருக்கிறது. 1994இல் தொடங்கியது. ராக். இதுவரை ஒரு நிகழ்ச்சியும் நடத்தவில்லை, ஆகவே தங்கள் பெயருக்கு எந்தக் களங்கமும் இல்லை என்று அதன் தலைவர் எழுதியிருக்கிறார். பாம்பனில் ஒன்று இருக்கிறது. அவர்கள் இருவர். இருவரும் கடலில் இருப்பதால் வியாழனுக்குப் பிறகு தொடர்புகொள்ளச் சொன்னார்கள்.

நான்கு குழுக்களின் பெயர்களையும் ஒரு பதிவேட்டில் எழுதி, ஆல்வினிடம் காட்டினேன். உலகில் வேறு எவருக்கும் தோன்றியிருக்காது என்ற தீர்மானத்தைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். அவன் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆல்வின் மடிக்கணினியோடு வந்திருந்தான். காரைக்காலில் பேஸ் கிட்டார் பகுதி முழுவதும் மடிக்கணினியிலிருந்து வரும் என்று அறிவித்தான்.

"லேப்டாப்பு ஓடாதுல. சொன்ன வேகத்துக்கு நிக்கும்," என்றான். "நீ நிர்வாகத்தப் பாத்துக்க. எங்க யாருக்கும் வராதது ஒனக்கு வருதுல்லா?"

"மேடையில?"

"மேடையில நீ நில்லு. யாரு வேண்டாம்னா? டி-சர்ட்டப் போட்டுக்க. கிட்டாரக்கூட மாட்டிக்க."

"வயரு?"

"வயரு எதுக்குல?"

அப்போதுதான் என் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் பார்த்தேன். மின்கம்பி தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சந்தனம், குங்குமம்.

மாகாளி தலையைச் சொறிந்தான். "ஆயுத பூசைக்குக் கழத்துனதுண்ணே. பொட்டு வைக்க. திருப்பி மாட்ட..." என்று இழுத்து ஆல்வினைப் பார்த்தான். ஆல்வின் உப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆயுத பூஜை அக்டோபர் 1. கடந்த சில நாள்களாக என் வாசிப்பில் ஒரு முதிர்ந்த அடக்கம் தென்படுவதாக அக்டோபர் 12 குறிப்பில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அதை இப்போது அடித்துவிட்டேன்.

வீட்டில் ஜெசிந்தாவிடம் நடந்ததைத் தெரிவித்தேன்.

"நீங்க என்ன சொன்னீய?"

"தீர்மானத்தை வழிமொழிந்தேன்."

"எந்தத் தீர்மானத்த? ஒங்களத் தூக்குன தீர்மானத்தையா?"

முறைப்படி யாராவது வழிமொழிய வேண்டும் என்று சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். இன்று ஐந்தாம் வகுப்பில் பலருக்கு மதிப்பெண் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

மதியச் சாப்பாட்டு டப்பாவில் வறுத்த நெய்மீன் இரண்டு துண்டு இருந்தது. வழக்கமாக ஒன்றுதான் இருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

இணையத்தில் இருக்கும் நாகைக் குழுவின் எட்டுப் பாடல்களையும் ஒப்பீட்டு ஆய்வுக்காக வீட்டில் கூடவே வாசித்துப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரைக் கிட்டங்கியிலிருந்து ஆட்டோவில் எடுத்து வந்திருந்தேன். மின்கம்பியைச் சோதித்துக்கொண்டேன். ஆறு பாடல்களில் நானும் அவர்களும் ஒன்றாக முடித்தோம். 'ஓடிபி வரல' பாடலிலும் 'சார் சாப்பிடப் போயிருக்காரு' பாடலிலும் அவர்கள் எனக்கு முன்பே முடித்துவிட்டார்கள்.

எனக்கு முன் ஒருவர் முடித்தது இதுவே முதல் தடவை. சரிபார்க்க மறுபடி வாசித்தேன். பதினோரு முறை. ஆய்வில் இது வழக்கம்.

நவம்பர் 18, செவ்வாய்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. துறைமுகங்களில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது. மாகாளி படம் எடுத்து அனுப்பினான். "காசில்லா வெளம்பரம்," என்று ஆல்வின் பதில் போட்டான். ரமீசாவும் நாகையில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூண்டில் எந்த வேறுபாடும் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

மரியழகனோடு ஒரு மணி நேரம். நீக்கிய விண்ணப்பத்தைத் திரும்பச் சேர்க்க அவருக்கு மனம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விட்டது.

"ஒரே பேரு, ஒரே எடம், இருவத்தஞ்சு நிமிஷம். நீங்களா பேசிக் கொளுத்திக்கிட்டா எனக்குச் சந்தோஷங்க," என்றார். பொருத்திக்கொண்டால் என்று சொல்ல நினைத்திருப்பார் போலும்.

ரமீசாவிடம் பேசினேன். எங்கள் பாடலுக்குப் பதினான்கு நிமிடம் வேண்டும், மீதம் பதினொன்று என்றேன்.

"பதினோரு நிமிஷமா?" என்றார். "அவ்ளோ நேரம் என்னா சார் பண்றது?"

அவர்களின் ஒன்பது பாடல்களையும் கூட்டினேன். எட்டு நிமிடம் இருபது நொடி. ஒன்பதாவது பாடல் என் கடிதம்.

நவம்பர் 29, சனி

காலையில் ரமீசாவின் அழைப்பு. குரல் இறங்கியிருந்தது.

"சார், எங்க பேஸ் தேன்மொழிக்கு வேலை கெடச்சிருச்சு. வி.ஏ.ஓ. பயிற்சிக்கு ஒண்ணாந் தேதி போயாகணும். லீவு குடுக்க மாட்டாங்களாம்."

வாழ்த்துத் தெரிவிப்பதா, அனுதாபம் தெரிவிப்பதா என்று யோசித்து, இரண்டையும் தெரிவித்தேன்.

"பேஸ் இல்லாம வாசிச்சா தகர டப்பாவ உருட்டுன மாதிரி இருக்கும் சார். நாங்க வரலன்னு மரியழகன் சார்ட்ட சொல்லிடலாம்னு இருக்கோம். முழு நேரமும் நீங்களே எடுத்துக்குங்க." பிறகு கேட்டார்: "ஆமா, உங்க குழுவுல பேஸ் யாரு சார்?"

"தற்போது மடிக்கணினி."

"அப்ப நீங்க?"

"நிர்வாகம்."

ஜெசிந்தா தோசைக் கரண்டியோடு வந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏ புள்ள, நான் இவரு வீட்டுக்காரி பேசுதேன். ஒங்க பாட்ட இந்த மனுசன் ரெண்டு வாரமா வாசிச்சு எங்க உசுர எடுக்காரு. எட்டும் மனப்பாடம். கீழ்வீட்டு ஆச்சிக்கே 'ஓடிபி வரல' மனப்பாடம் ஆயிட்டு. ஏழாந் தேதி வருவாரு. சரியா? வேகமா வாசிப்பாரு, அதுதான் கொறை."

மறுமுனையில் கூச்சல் கேட்டது. துயரக் கூச்சல் அல்ல என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

பெயரைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களிடையே நல்லுறவு பேண வேண்டியது செயலாளரின் கடமை. அந்த அடிப்படையில் ஒப்புக்கொண்டேன். ஆல்வினுக்கு முறைப்படி தெரிவித்தேன். "நீ அங்க வாசிக்கியா? வாசி வாசி," என்றான். சிரித்தான். மாகாளி சிரிக்கவில்லை. "வயர நான் கொண்டாரேண்ணே, நல்ல வயரு," என்றான்.

டிசம்பர் 6, சனி

அலுவலகத்தில் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு நேற்றே பேருந்து ஏறினோம், நானும் ஜெசிந்தாவும். நாகையில் அதே மொட்டைமாடி, அதே தண்ணீர்த் தொட்டி. டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணின் பெயர் இளவெயினி. மருந்துக்கடையில் வேலை. கைகள் மெலிந்தவை, அடி மெலிந்ததல்ல.

முதல் பாடலை வாசித்து முடித்ததும் இளவெயினி குச்சியைத் தூக்கிக் காட்டினார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

எனக்குத் தெரிந்த வாக்கியம்தான் வரப்போகிறது என்று கிட்டாரைக் கழற்றத் தொடங்கினேன்.

"இன்னும் கொஞ்சம் வேகமா வாசிங்க சார்."

இந்த வாக்கியத்தை ஆறு ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. திரும்பச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். சொன்னார்.

ரமீசாவின் உம்மா மாடிக்கு இறால் சோறு அனுப்பினார். கோர்ட் நோட்டீசு அனுப்பியவர் இவர்தானா என்று கீழிருந்து கேட்டது. மூன்றாவது முறை பரிமாறிய பிறகு நான் 'சார்' என்பதிலிருந்து 'அண்ணே' ஆகியிருந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

காரைக்கால் கடற்கரை. நல்ல வெயில், லேசான காற்று. கூட்டம் எண்ணூறு பேர் என்று மரியழகன் சொன்னார். நான் எண்ணியதில் ஐந்நூற்றுப் பத்து. மிளகாய் பஜ்ஜிக் கடை வரிசையையும் அவர் சேர்த்திருக்கக்கூடும்.

5.20க்கு அறிவிப்பாளர் "மூன்றாம் எண் கூண்டு!" என்றார். நாங்கள் ஏறினோம். ஆல்வின், மாகாளி, மடிக்கணினி, நான். வயர் இணைக்காத கிட்டாரோடு இடப்பக்கம் நின்றேன். 'நீரோட்டம்' தொடங்கியது.

இரண்டாம் பாகம் வரை குறையில்லை. மூன்றாம் பாகத்தில் ஒன்றைக் கவனித்தேன். மாகாளியும் ஆல்வினும் மடிக்கணினியை விட்டு முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். ஆல்வின் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அது சொன்ன வேகத்துக்கு நின்றது. இவர்களால் நிற்க முடியவில்லை. ஆறு ஆண்டுகள் ஒருவன் பின்னால் ஓடிய கால்கள்.

பாடல் அவர்களுக்குப் பன்னிரண்டே முக்கால் நிமிடத்தில் முடிந்துவிட்டது. மடிக்கணினிக்கு இன்னும் ஒன்றேகால் நிமிடம் மிச்சமிருந்தது. அது தனியாக வாசித்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாகாளி தண்ணீர் குடித்தான். முடிந்ததும் சனங்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள், பெரும்பாலும் மடிக்கணினியைப் பார்த்து.

அறிவிப்பாளர் மறுபடி, "அடுத்து, மூன்றாம் எண் கூண்டு!" என்றார்.

"இப்பத்தானய்யா முடிஞ்சுது?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

நான் இறங்க வேண்டியிருக்கவில்லை. டி-சர்ட் அதே பெயர். வலப்பக்கம் நான்கு அடி நடந்தேன். மாகாளி தான் கொண்டுவந்த வயரின் ஒரு முனையை என் கிட்டாரிலும் மறு முனையை ஆம்ப்ளிஃபயரிலும் தானே செருகிவிட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். கிட்டார் கம்பியைத் தொட்டேன். கடற்கரை முழுக்கக் கேட்டது. பஜ்ஜி வரிசை திரும்பிப் பார்த்தது.

"வணக்கம், இதுவும் மூன்றாம் எண் கூண்டுதான், சண்டை எல்லாம் முடிஞ்சிருச்சு!" என்று கத்தினார் ரமீசா. இளவெயினி நான்கு தட்டுத் தட்டினார்.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசைப்படி எழுத முடியவில்லை. 'ரேஷன் கடை பூட்டியிருக்கு' முதலில் வந்தது என்று நினைக்கிறேன். 'சார் சாப்பிடப் போயிருக்காரு' தொடங்கியபோது, இரண்டாம் தடவைக்குள் கூட்டம் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. "சார் எப்ப வருவாரு?" என்று ரமீசா கேட்க, "வர மாட்டாரு!" என்று ஐந்நூற்றுப் பத்துப் பேரும் கத்தினார்கள். இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் அந்த சாரைத் தெரிந்திருக்கிறது. காவலுக்கு நின்ற காவலர் ஒருவர் உதட்டை அசைக்காமல் கத்தினார். இரண்டு காதிலும் விரல் வைத்திருந்த முதியவர் ஒருவர் விரலை எடுக்காமலேயே, "இன்னொரு தடவ!" என்றார். இன்னொரு தடவை வாசித்தோம். நேரம் இருந்தது.

நான் ஓடினேன். யாரும் பின்தங்கவில்லை. 'ஓடிபி வரல' பாடலில் இளவெயினி எனக்கு முன்பே முடித்துவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் எப்படி இருந்தேன் என்று தெரியாது. கன்னம் வலித்ததால் நானும் சிரித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

கீழே ஆல்வின் தெரிந்தான். முதலில் ஏழு ஏழாகத் தலையாட்டப் பார்த்தான். மூன்றாவது பாடலில் நான்குக்கு இறங்கி வந்தான். ஐந்தாவதில் மாகாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். இயற்பியல் கற்பிப்பவர் அந்த எடையோடு மணலில் குதிப்பது சரியல்ல.

கடைசியாக என் கடிதம். 'மேற்குறித்த பொருள் தொடர்பாக.' இறுதி வரியை நானே ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும் என்று நேற்று முடிவாகியிருந்தது. சொன்னேன்: "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள!"

கூட்டம் அதைத் திருப்பிக் கத்தியது. பதினேழு ஆண்டுகளாக அந்த வரியை எழுதிவருகிறேன். பதில் வந்தது இன்றுதான்.

யாரோ நீளமாக விசிலடித்தார்கள். யாரென்று தெரியவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தபோது ஜெசிந்தாவின் இரண்டு விரல்கள் ஈரமாக இருந்தன.

நிகழ்ச்சி 5.45க்கு முடிய வேண்டியது. 5.44க்கு முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

திரும்பும் பேருந்தில் ஆல்வின் எனக்கு முன் இருக்கையில் இருந்தான். ராமநாதபுரம் வரை மடிக்கணினிப் பையை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். பிறகு திரும்பி உட்கார்ந்தான்.

"ஏல, நேத்து நாங்க எதுக்குல அந்த ஓட்டம் ஓடுனோம்?"

"ஆறு வருசப் பழக்கம்ணே. நம்ம ரெண்டு பேருக்கும் இவரு காலு வந்துட்டு," என்றான் மாகாளி.

ஆல்வின் சன்னல் பக்கம் கொஞ்சம் பார்த்தான். "லேப்டாப்ப வீட்ல வச்சுருதேன். வயர நானே மாட்டித் தாரேன். பொட்டெல்லாம் வேண்டாம். வந்துரு கிளீட்டஸ்."

"எழுதிக் குடு. பரிசீலிக்கலாம்," என்றேன்.

"கொழுப்ப பாத்தியா இவனுக்கு?" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னான் ஆல்வின். பிறகு வாங்கி வைத்திருந்த கடலை மிட்டாயில் பாதியை உடைத்துக் கொடுத்தான்.

டிசம்பர் 19, வெள்ளி

நாற்பது. காலை ஆறு மணிக்கு நாகையிலிருந்து இருவர் தொலைபேசியில் வாழ்த்துப் பாடினார்கள். நான்கு நொடி.

சனவரி 9, வெள்ளி

அடுத்த அலைவிழாவுக்கான படிவம் வந்தது. 'குழுவின் பெயர்' என்பதன் கீழே புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது: 'இதே பெயரில் வேறு குழுக்கள் இருப்பின் ஊரையும் குறிப்பிடுக.' தூத்துக்குடிக்கு ஒரு படிவமும் நாகப்பட்டினத்துக்கு ஒரு படிவமும் நானே நிரப்பினேன். முதலாவதில், பேஸ் கிட்டார்: காலியிடம். இரண்டாவதில், பேஸ் கிட்டார்: எஸ். கிளீட்டஸ், வயது 40, மேடை அனுபவம் 1.